உப்புக்கரைசல் கணக்கு

டாக்டர் வருவது திங்கள், புதன், வெள்ளி,
பத்திலிருந்து ஒன்று வரை.
மற்ற நேரமெல்லாம் சுகாதார மையம் என்பது
நானும், நடுவில் குழி விழுந்த கட்டிலும்,
எடை பார்க்கும் மிஷினும்தான்.
அது எல்லோருக்கும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும்.
இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்கல் தோண்டிய மேடு,
அதற்குப் பின்னால் சேர்வராயன் மலை.
ஏப்ரலில் மலை தெரியாது.
இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் ஆறு கட்டம்:
தேதி, பெயர், துறை, தொந்தரவு, மருந்து, கையெழுத்து.
தொந்தரவுக்கு விட்டிருக்கும் இடம்
என் சுண்டுவிரல் நீளம்.
'தலைவலி' அதில் அடங்கும்.
'வயிற்றுப்போக்கு' கொஞ்சம் இடித்துக்கொண்டு அடங்கும்.
'மூணு பேப்பர் அரியர், அப்பாவுக்குத் தெரியாது' என்பது
பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும்.
அங்கே நான் மாத்திரையின் பெயரை எழுதியாக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் ஹேமப்பிரியாவுக்கு
விரல் நுனிகளில் கொப்புளம்.
ராத்திரி கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்தாளாம்.
ஜோடிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன்.
மருந்து போட்டுக் கட்டி முடிக்கும்வரை
கூலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
'தீக்காயம்' என்று எழுதினேன்.
சமையலில் பட்டது என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அர்த்தனாரி. எம்.எஸ்சி. புள்ளியியல், முதலாண்டு.
"மயக்கமா வருது சிஸ்டர்."
முதல் நாள் உப்புக்கரைசல் ஒரு பாக்கெட்.
மறுநாள் இரண்டு.
கரைத்துக் கொடுத்தால் நின்றபடியே குடிப்பான்,
டம்ளரைக் கவிழ்த்து
கடைசிச் சொட்டுக்குக் காத்திருப்பான்.
ஒன்பதாம் நாள் கேட்டேன்,
நேற்று என்ன சாப்பிட்டாய்?
சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம், ஏழு நிலைகள்.
ஏழையும் பார்த்து முடித்துவிட்டு
"நேத்தா?" என்றான். அவ்வளவுதான்.

மெஸ் கார்டை நிறுத்தி மூன்று வாரமாம்.
விடுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
'இப்பொருள் தங்கள் மையத்தின் வரம்பில் வராது' என்று
நல்ல தமிழில் பதில் வந்தது.
அன்றிலிருந்து என் டிபன் கேரியரில்
கீழடுக்கு எனக்கு, மேலடுக்கு அவனுக்கு.
பதிவேட்டில் 'நீரிழப்பு' என்றே எழுதிவந்தேன்.
பொய்யில்லை.
இழந்தவற்றில் நீரும் ஒன்று.

தணிக்கைக்கு வந்தவர் குழந்தைவேலு.
சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார்.
"ஒரே பையன், இருபத்திரண்டு நாள்,
நாற்பத்தொரு பாக்கெட். எப்படிம்மா?"
"வெயில் சார்."
சேலத்தில் இந்தப் பதிலுக்கு மறுகேள்வி கிடையாது.
அவர் பிடரியைத் துடைத்துக்கொண்டார்,
சுழித்த வட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.
பிறகு, பிரஷர் கருவியைக் காட்டி,
"இது... சும்மா பார்க்கலாமா?"
நூற்று எழுபது, நூறு.
"பேர் எழுத வேண்டாமே" என்றார்,
முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டபடி.
எழுதவில்லை.
டாக்டர் நாளைக்கு வருவார் என்று மட்டும் சொன்னேன்.
அவர் வரவில்லை.

விடுமுறை முடிந்து ஜூலை.
மழை பெய்து மலை பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது.
ஹேமப்பிரியா வந்தாள், இந்த முறை வலது கை.
அர்த்தனாரியைக் காணோம்.
வராமலிருந்தால் குணமாகிவிட்டதாகக் கொள்வது வழக்கம்,
மாதாந்திர அறிக்கையில் அதற்கென்றே ஒரு வரி உண்டு.
அந்த வரியை நிரப்பப் பேனா எடுத்து, வைத்துவிட்டு,
புள்ளியியல் துறைக்கு போன் போட்டேன்.

"எந்த அர்த்தனாரி மேடம்?
எங்ககிட்ட ரெண்டு பேர் இருக்காங்க."

ரெண்டு பேரையும் அனுப்புங்க என்றேன்.

மணி பன்னிரண்டே முக்கால்.
டிபன் கேரியரில் இன்றைக்கும்
இரண்டே அடுக்குதான்.