மூன்றாம் பருவம், பதினோராவது பகுதி

நேற்றிரவு ஜூனி கைலரை முத்தமிட்டாள்.
படகுத்துறையில், அத்தனை பேர் பார்க்க.
கையிலிருந்த சோளப்பொரிக் கிண்ணத்தை
நான் மேசையில் வைத்த வேகத்தில்
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

கைலராம்!
முதல் பருவத்தில் அவள் சைக்கிளை ஏரியில் தள்ளியவன்.
இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டான்,
அதுவும் கொட்டுகிற மழையில்,
சட்டை உடம்போடு ஒட்டும் விதமாக.
எழுதுகிறவர்களுக்கு ஒரு மழை கிடைத்தால் போதும்,
எந்தப் பாவியையும் கழுவி எடுத்துவிடுவார்கள்.

எமெட் இருக்கிறானே, கல்லுளிமங்கன்.
முப்பது பகுதிகளாக அவளைப் பார்க்கிறான்,
பார்க்கிறான்,
பார்த்துக்கொண்டே அவள் அப்பாவின் லாரியைப்
பழுது பார்க்கிறான்.
சொல்லித் தொலையேன்டா என்று
சோபாவிலிருந்து நான் கத்துவது
அவனுக்கு மட்டும் கேட்பதில்லை.
மாடிவீட்டு மிஸஸ் லிண்ட்குவிஸ்டுக்குக் கேட்கிறது.
வெந்நீர்க் குழாயில் இரண்டு தட்டு தட்டுகிறாள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது.
டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
பதினேழாம் எண் தடம்.
விடிகாலை ஐந்தரைக்கு, உறைநிலைக்கு இருபது பாகை கீழே,
எஞ்சின் சூடேறக் காத்து நிற்கும்போதும்
அந்தப் படகுத்துறைதான் கண்ணுக்குள்.
பணிமனையில் ரோலண்டிடம் சொன்னேன்.
"அதெல்லாம் நிஜமில்லை, கோரின்" என்றான்,
ஹாக்கி அணி தோற்ற வாரம்
மூன்று நாள் யாரோடும் பேசாமல் கிடந்தவன்.

ஆறே முக்காலுக்கு, சரிவு முனையில்,
ஹாட்டி ஏறினாள்.
ஒன்பதாவது வரிசையில் தாவோ
பக்கத்து இருக்கையிலிருந்த கிளாரினெட் பெட்டியை
எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.
அவ்வளவுதான். ஒரு பெட்டி நகர்ந்தது.
அவள் அந்த இடத்தைப் பார்த்தாள்.
நான்காவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அக்டோபரில் ஒரே இயர்போனை
ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள்.
கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏதோ நடந்திருக்கிறது.
அந்தப் பகுதியை எனக்கு யாரும் காட்டவில்லை.

தூது போகவும் முடியாது.
ஓட்டுநர் சாலையைப் பார்க்க வேண்டும்,
பிள்ளைகளின் விஷயத்தில் தலையிடக் கூடாது,
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
ஆனாலும் தலைக்கு மேலே
இரண்டடி நீளத்துக்குக் கண்ணாடி வைத்தது அவர்கள்தானே.

பின்னணி இசை இல்லை, வைப்பரின் கீச்சு மட்டும்.
மழையும் இல்லை.
உப்புக் கலந்த பனிச்சேறு
சக்கரத்துக்குச் சக்கரம் தெறிக்கிறது.

தண்டவாளக் கடவில் நிறுத்தினேன்.
இங்கே பேருந்து நின்றே ஆக வேண்டும்.
ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்து,
எல்லோரையும் வாய்மூடச் சொல்லி
ரயில் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும்.
நாற்பது பிள்ளைகள் சட்டென்று அமைதி.
குளிர் படியேறி உள்ளே வந்தது.

அப்போது ஒன்பதாவது வரிசையிலிருந்து,
"ஹாட்டி."

பெயர் மட்டும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.
அவள் திரும்பவில்லை.
ஆனால் கையுறையைக் கழற்றத் தொடங்கியவள்
பாதி விரலில் நிறுத்திவிட்டாள்.

ரயில் இல்லை. எந்தப் பக்கமும் இல்லை.
எனக்குத் தெரியும்.
இருந்தும் கதவை மூடாமல்
இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்கும்வரை.

அடுத்த புதன்கிழமை தொலைக்காட்சியைப்
போடுவதாகவே இல்லை.
கைலரோடு அவள் எக்கேடு கெட்டும் போகட்டும்.
எமெட் வாய் திறந்தால் மட்டும் பார்ப்பேன்.
அவன் திறந்தானா என்று தெரிய
போட்டுத்தானே ஆக வேண்டும்.