இரண்டு மீட்டர் இருபது

முதல் சோபா ஒரு கோவாக்காரருடையது.
கனடா போகிறார், வெள்ளிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்,
நூற்றைம்பது திர்ஹம்.
இரண்டாவதில் யாரோ ஒரு குழந்தை கக்கிய பால்
ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏசி போட்டதும்
எழுந்து வந்து எங்களோடு உட்காரும்.
மூன்றாவது ரெக்ஸின்.
இரண்டே கோடையில் பாம்புச் சட்டையாய் உரிந்து
மகிமைராஜின் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டு
தேய்ரா வரை வேலைக்குப் போய் வந்தது.

பதினோரு வருடம்
பிறர் விட்டுப்போன பள்ளங்களில் உட்கார்ந்தோம்.
இடது மூலையில் கனத்த ஆள் ஒருவர் இருந்திருக்கிறார்.
அங்கே உட்கார்ந்தால்
அவர் சாய்ந்த பக்கமே சாய்ந்துதான் டிவி பார்க்க வேண்டும்.

இந்த முறை புதிது என்றேன்.
"எத்தனை நாளைக்கு?" என்றார் மகிமைராஜ்.
சோபாவைக் கேட்டாரா, எங்களையா?

சார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
டயர்க் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே
குல்ஸமான் கானின் பட்டறை.
ஷோரூம்களில் மெத்தையைக் காட்டினார்கள்.
இவர் எலும்பைக் காட்டினார்.
சூளையில் ஈரம் வாங்கிய பீச் மரம்,
மூலைக்கு மூலை முக்கோணக் கட்டை,
பசையும் திருகும் சேர்ந்து.
"ஒரு முன்னங்காலைத் தூக்குங்கள்" என்றார்.
ஒரு சாண் எழும்புமுன்
மறுகாலும் கூடவே எழுந்தது.
"அது தரையிலேயே கிடந்தால்
சட்டம் முறுக்கிக்கொள்கிறதென்று அர்த்தம்.
வாங்காதீர்கள். என்னிடமானாலும்."

ஸ்பிரிங் ஒவ்வொன்றையும்
எட்டுத் திசைக்கும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது.
கைப்பிடி மேல் ஏறி உட்கார்ந்தேன், முனகவில்லை.
முதுகுப் பக்கம் விரலால் குத்தினேன்,
அட்டை அமுங்கும் சத்தம் இல்லை.
பெர்சிஸ் மூன்று முறை குதித்தாள்.
நான்காவதை நான்தான் தடுத்தேன்,
கான் தடுக்கவில்லை.

தோல் வேண்டுமா என்றார்.
ஆம்பூர்க்காரியிடம்!
துண்டை மடக்கி மூக்கருகே கொண்டுபோனேன்:
மேலே பெயிண்ட், அடியில் தூள்.
பேசாமல் திருப்பிக் கொடுத்தேன்.
சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தார்.
அது தோல்தான்.
விலையும் தோலை உரிப்பதுதான்.

ஆகவே துணி.
நாற்பதாயிரம் முறை தேய்த்துச் சோதித்த துணியாம்.
தினம் நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் எத்தனை வருடம் என்று
மகிமைராஜ் கைப்பேசியில் கணக்குப் போட்டார்,
விடையைச் சொல்லவில்லை.
"கரும்பழுப்பு எடு, அழுக்கு தெரியாது."
நான் கோதுமை நிறத்தை எடுத்தேன்.
தெரியட்டுமே,
ஒரு தடவையாவது நாமே கொட்டின டீயாக இருக்கட்டும்.

"முப்பது வருடம் வரும்" என்றார் கான்.
எங்கள் விசா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும்.

ஜெபல் அலியில் கார்கோ பில் போடுகிறவள் நான்.
கடைசியாக ஒன்று கேட்டேன்:
கால் கழலுமா?
"கழலும், கையும் கழலும். நாலு போல்ட்."
நீளம் இரண்டு மீட்டர் இருபது.
நிமிர்த்தினால் எங்கள் லிஃப்டில் நிற்கும்,
இருபதடி கண்டெய்னரில் குறுக்காகப் படுக்கும்.
இரண்டாவது அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை.
கானுக்குத் தெரிந்திருக்கும்.
சாவியை எதில் கட்டித் தருவது என்று
அவரே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

பாதிப் பணம் முன்னால். ஆறு வாரம் ஆகும்.

பழையது போய்விட்டது, ஹால் பால்கனிவரை காலி.
பெர்சிஸ் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி
அதே அளவுக்குக் கட்டம் போட்டாள்.
முதல் நாளிலிருந்தே சுற்றித்தான் நடக்கிறோம்.
நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுகிறவர்
விளக்குப் போடாமலே விலகிப் போகிறார்.

நேற்று மாலை கம்பெனியிலிருந்து மெசேஜ்.
மகிமைராஜ் கட்டத்துக்குள் நின்று படித்தார்.
இன்னொரு முறை படித்தார்.
பிறகு வெறுந்தரையில், இடது மூலையில்,
மெல்லச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெர்சிஸ்தான் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.
"நகருங்கப்பா, அது அம்மா இடம்."