இடது மூலை

ஏட்டி கோமு,
நீ வரலேன்னு அனுப்பி
இதோட ஆறு ஞாயிறு போச்சு.
சுத்தமல்லி விலக்குக்குக் கிழக்க
பிசான அறுப்பு முடிஞ்ச வயல் ஒண்ணு கிடைச்சிருக்கு.
கோடகன் கால்வாயில தண்ணி வார வரைக்கும்
ஆடிக்கிடுங்கன்னாரு வயலுக்காரரு.
வாடகை வேண்டாமாம்.
வரப்பை மட்டும் மிதிச்சு உடைக்கக் கூடாதாம்.

அரிதாள் குத்துது.
மொத ரெண்டு வாரம் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டோம்,
மூணாவது வாரம் பாதம் பழகிட்டு.
சுண்ணாம்புக்குக் காசில்லாம
அடுப்புச் சாம்பல்ல கோடு போட்டோம்.
போனஸ் கோடு ஆவுடை போட்டது,
அவ கையெழுத்து மாதிரியே கோணல்.

ஜெபஸ்லின் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில
ராத்திரி டூட்டி முடிச்சு நேரா வாரா.
கையெல்லாம் டெட்டால் மணம்.
பிடிச்சா உடும்பு.
செய்யதலி பாத்திமா
முழுக்கை பனியனும் இறுக்கிக் கட்டின முக்காடுமா
ரைடு போறதை நீ பாக்கணும்.
வாரம் முழுக்க பீடிக்கு நூல் சுத்தின விரலு
ஞாயித்துக்கிழமைதான் முழுசா விரியுதாம்.
பேச்சித்தாய் பிள்ளையோட வாரா.
ரெண்டு வயசு.
எங்க செருப்புகளுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு
யாரு விழுந்தாலும் "அவுட்டு"ங்கும்.
எங்களுக்கு ரெஃப்ரி அதுதான்.

நீ சொல்லுத காரணமெல்லாம் தெரியும்.
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில
பதினோரு மணி நேரம் நிக்கே.
நாற்காலி போட்டிருக்காங்க,
உக்காந்தாத்தான் முறைக்காங்க.
நாப்பது சேலையைப் பிரிச்சுக் காட்டி
ஒண்ணும் எடுக்காமப் போறவளைப் பாத்துச் சிரிக்கே.
ராத்திரி சுடுதண்ணியில காலை முக்கிக்கிட்டு
"இந்தக் காலை வச்சுக்கிட்டாட்டி கபடி?"ன்னு கேட்டே.

அந்தக் காலை எனக்குத் தெரியும்ட்டி.
பன்னெண்டாம் வகுப்பு, மாவட்டப் போட்டி,
கடைசி ரைடு.
அந்த நெட்டைக்காரி
கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கையில
கணுக்காலைப் பிடிச்சுக் குப்புறக் கிடந்தே.
மூக்குல மண்ணு, பல்லுல மண்ணு.
விசில் ஊதினாங்க, நீ விடலை.
அவளே அழுதுக்கிட்டு "விடுக்கா"ங்கா.
நாங்க வந்துதான்
உன் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தோம்.

அதுக்குப் பிறகு யாருட்டி பிரிச்சது?

நானும் ரெண்டு வருசம் விட்டுட்டுக் கிடந்தவதான்.
டிசி வாங்கப் போன அன்னைக்கு
ஜெர்சியைத் துவைச்சு மடிச்சுக் கொடுத்துட்டு வந்தோம்லா,
அதோட எல்லாத்தையும் கொடுத்துட்டதா நினைச்சேன்.
ஜெர்சிதான் பள்ளிக்கூடத்துது.
மூச்சு நம்மது.

அதுவும் சும்மா வந்திடலை, சொல்லிருதேன்.
மொத நாள் பன்னெண்டு எண்ணுறதுக்குள்ள
பாட்டு அறுந்து போச்சு.
வாய்க்கால் ஓரமா வாந்தி எடுத்தேன்.
ஆவுடை முதுகைத் தடவிக்கிட்டே
சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு,
சவத்து மூதி.
இப்போ இருபத்தாறு வருது.

கோட்டாவுல வேலை கிடைக்கும்னு
பொய் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.
கப்பும் கிடையாது, பேப்பருல படமும் வராது.
"கல்யாண வயசுல சேத்துல உருளுதாளுக"ன்னு
பால் எடுக்க வாரவரு சொல்லிட்டுப் போனாரு.
சேறே இல்லை அங்க,
காஞ்ச மண்ணு. அதைக்கூடப் பாக்கலை மனுசன்.

சித்திரைக் கடைசியில
வீரவநல்லூர்க்காரிகளோட ஒரு ஆட்டம் பேசியிருக்கு.
தோத்தா டீ நம்ம செலவு.
ஜெயிச்சாலும் நம்ம செலவுதான்,
நாமதானே கூப்பிட்டது.

அஞ்சரைக்குத் தொடங்கி ஏழரைக்கு விட்டிருவேன்.
உனக்கு ஒன்பதரைக்குத்தானே கடை.
குளிச்சிட்டுப் போக நேரமிருக்கு,
போகாட்டாலும் சேலைக்காரிக்கு என்ன தெரியப் போகுது.

போன வாரம் சங்கிலி பிடிச்சுப் பழகினோம்.
பேச்சித்தாய் பழக்கத்துல
இடது கையை நீட்டுதா.
அங்க ஆளில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கிட்டு நின்னா,
பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு
அது கையைப் பிடிச்சுக்கிட்டா.
ரைடு வந்தவ அந்த வழியாத்தான் தப்பிச்சுப் போனா.
பிள்ளை "அவுட்டு"ன்னுச்சு.

பாபநாசத்துல கார் சாகுபடிக்குத் திறந்துட்டா
இந்தச் சாம்பல் கோடு ஒரே நாளுல கரைஞ்சிரும்.
அப்புறம் எங்க ஆடுறதுன்னு தெரியலை.
அதை
ஏழு பேரா உக்காந்து யோசிப்போம்.