சட்டத்துக்குப் புறம்பே

மூக்குக்கண்ணாடியில் பிறை மாதிரி ஒரு கீறல்.
இந்த வருஷத்தில் மூன்றாவது.
கடைக்காரி ஒந்தினா வில்லையை விளக்கடியில் திருப்பிப் பார்த்து
"பூனை வளர்க்கிறாயா?" என்கிறாள்.

கேமரா, என்றேன்.
கண் வைக்கும் துளையைச் சுற்றிப் பித்தளை வளையம்.

உள்ளே நாலு வெள்ளைக் கோடுகள். அதுதான் சட்டம்.
நாலும் எனக்கு ஒருசேரத் தெரிந்ததே இல்லை.
இடது ஓரத்தை எட்டிப் பார்ப்பதற்குள்
வலது ஓரம் போய்விடும்,
சாவித் துவாரம் வழியே கல்யாணம் பார்ப்பதுபோல.
கண்ணாடியைக் கழற்றினால்
நாலும் வரும்,
கஞ்சிக்குள் விழுந்த நூலாக.

நடுவில் மட்டும் குறையில்லை.
மஞ்சள் சதுரத்துக்குள் இரண்டு ஃபுல்வியோ.
ஒருவனை நகர்த்தி மற்றவன்மேல் ஏற்றி
மூக்கோடு மூக்கு சேர்ந்ததும்
அழுத்துவேன்.

திரியெஸ்தே துறைமேடையில் நேற்றும் அப்படித்தான்.
போரா காற்று ஆளைத் தள்ளியது.
தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு
"சீக்கிரம், நெரீனா!" என்றான்.

வீடு வந்த பிறகுதான் தோளில் சால்வை இல்லை.
உன்னால்தான், உன் தொப்பியால்தான் என்று
ராத்திரி முழுக்க அவனிடம் எரிந்து விழுந்தேன்.

இப்போது, சிவப்பு விளக்கில்,
தட்டில் மெல்ல எழும்பி வருகிறது படம்.
நடுவில் ஃபுல்வியோ, தொப்பித் தையல்வரை கூர்மை.
இடது ஓரம் பாதி நாய்.
வலது ஓரம்,
கோடு இருக்கும் என்று நான் நினைத்த இடத்துக்கும் அப்பால்,
ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு
மறு கையில் என் சால்வையை நீட்டியபடி
யாரோ ஒருத்தி.

வாய் திறந்திருக்கிறது.
எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ.