செல்லுமிடம்

கேள்வி எண் ஒன்பது:
பட்டம் பெற்ற முறை.
நேரடி என்றால் ஒரு கட்டம்,
அஞ்சல்வழி என்றால் இன்னொன்று.
டிக் போடுமுன் பேனாவை நெற்றியில் வைத்து
ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.
பத்து, பன்னிரண்டு, அப்புறம்தான் பட்டம்.
நடுவில் ஒரு படி தாண்டியிருந்தால் இடமில்லை
என்கிறது குறிப்பேடு, பக்கம் ஆறு.
நான் தாண்டவில்லை.
பன்னிரண்டை முப்பது வயதில்
தனித்தேர்வராக எழுதினேன்,
ராயபுரத்தில், முட்டி இடிக்கும் பெஞ்சில்.

டொரண்டோவிலிருந்து தம்பி குரல் அனுப்புகிறான்:
"அந்த டிகிரி இங்க செல்லாதுக்கா.
வந்தா மறுபடி பரீட்சை எழுதணும்.
நாப்பத்தோரு வயசுல எதுக்கு?"
பின்னால் பாத்திரம் கழுவும் மெஷினின் உறுமல்.

தம்புசெட்டித் தெருவில்
பதினெட்டு வருடமாக டைப் அடிக்கிறேன்.
வக்காலத்து, வாய்தா மனு, பிரமாணப் பத்திரம்.
வாசலில் கரும்புச்சாறு வண்டியின் மணி
அது பாட்டுக்கு.
குப்புராஜ் சார் சிரிக்கிறார்:
"பார் கவுன்சில்ல பதிஞ்சு
அந்த ஆல் இந்தியா பரீட்சையும் பாஸ் பண்ணிட்டா
காஷ்மீர்லகூட வாதாடலாம், தெரியுமா பிலோமினா?"
தெரியும் சார்.
உங்கள் ஜூனியர்கள் எல்லோருக்கும்
பதிவுப் படிவம் அடித்துக் கொடுத்தது நான்தான்.

காஷ்மீருக்கு ஸ்வெட்டர் வேண்டும்.
எனக்கு வேண்டியது
சிறுவழக்கு நீதிமன்றத்தில் ஒரு வராண்டா.

அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள்,
மடியில் மஞ்சள் பை,
பைக்குள் பதினோரு வருட வாடகை ரசீது.
டவாலி மூன்று தடவை கூப்பிட்டார்:
சவரியம்மாள்
சவரியம்மாள்
சவரியம்மாள்.
ஞானஸ்நானத்துக்குப் பிறகு
யாரும் கூப்பிடாத பெயர்.
தெருவுக்கே அவள் பாப்பா.
பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாளாம்,
"யாரோ, பாவம், வரல போலிருக்கு."

மூன்றாம் மாதம் பூட்டை உடைத்தார்கள்.
அலமாரியைத் தெருவில் வைத்துவிட்டு
கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த உத்தரவின் நகலைப்
பின்னாளில் மனுப் போட்டு வாங்கினேன்.
ஒன்றரை வரி.
எதிர்மனுதாரர் அழைத்தும் ஆஜராகவில்லை.
எழுத்துப்பிழை ஒன்றுமில்லை,
ஓரம்கூட ஒழுங்காக விட்டிருந்தது.
நல்ல டைப்பிங்.

தம்பிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.
செல்லாது என்று அவன் சொன்னது உண்மைதான்,
அவன் நிற்கும் இடத்தில்.

ஒன்பது. அஞ்சல்வழி. டிக்.
போட்டோ ஒட்டியாயிற்று, காது தெரிகிறது.
பெயர், பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி:
அ. பிலோமினாள்.
கீழே இன்னொரு கட்டம் இருந்திருக்கலாம்,
வீட்டில் கூப்பிடும் பெயருக்கு.