கொத்து

கடலுக்குப் போகத் தடை, நாப்பத்தோராம் நாள்.
பாசையூர் முழுக்க மீன் வெடுக்கு இல்லை.
அத்தான் பத்திநாதன் சைக்கிள் ரியூப் கெற்றப்போலால்
முருங்கையிலிருந்த ஒன்றை விழுத்தினார்.
பார்க்க வந்த காகங்களால்
மரம் கறுத்தது.

தபசுகால வெள்ளி, இறைச்சி பாவமெல்லோ
என்றாள் அக்கா.
இது இறைச்சியெண்டு ஆர் சொன்னது
என்றார் அத்தான்.

சுடுதண்ணியில் தோய்த்து இறகு பிடுங்க
மிஞ்சியது ஒரு கைப்பிடி.
கடைசி மூன்று கரண்டி மிளகாய்த்தூள்,
எரித்த பனைமட்டைக்குக் கணக்கில்லை,
அப்பவும் தொடை பல்லுக்கு மசியவில்லை.
சின்னவனுக்குக் கோழி என்றோம்.
எலும்பை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்:
எந்த வீட்டுக் கோழி?

விடியத் தொடங்கியது.
அத்தான் படலை திறந்தால் போதும்,
ஒழுங்கை நீளத்துக்குக் கத்தல், உச்சியில் கொத்து.
சேட்டை மாற்றினார். மீசையை வழித்தார்.
பெற்றோல் இல்லாமல் கிடந்த மோட்டச்சைக்கிளின்
ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு
கிணற்றடிக்குப் போனார்.

தடை எடுத்தாயிற்று. சூடையும் வந்தாயிற்று.
வலை உதறுகிறவர்கள்
காகத்துக்குக் குடல் எறிவார்கள்.
அத்தான் முழு மீனாய் எறிவார்.
அதுகள் தின்னும்.
தின்றுவிட்டு வந்து
கொத்தும்.