முப்பது நிமிட இருட்டு

லேர் நகரத்தில் மழை நேராகப் பெய்வதில்லை.
ஆற்றுப் பக்கமிருந்து சாய்ந்து வந்து
ஆய்வகத்தின் வடக்குச் சன்னலைத்
தட்டிவிட்டுப் போகும்.
உள்ளே நான்
தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில்
ஊதாவை ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
ஒவ்வொரு மூலக்கூறிலும்
ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன் போல்
போகிற வருகிற எல்லாவற்றையும் கைகாட்டி நிறுத்தும்.
தேநீர் ஒரு சொட்டுப் போதும்.
கேட்டச்சின் தன்னிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை
எடுத்து நீட்டிவிடும்.
கொடுத்த பிறகும் அது குலைவதில்லை;
குறையைத் தன் வளையம் முழுக்கப் பரப்பிக்கொள்கிறது,
மாதக் கடைசியில் ஒரு வீட்டார்
ஆளுக்கொரு கவளம் குறைத்துக்கொள்வதைப் போல.

முப்பது நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும்.
திறந்தால் மஞ்சள்,
வெளுத்த வைக்கோல் மஞ்சள்.
கருவி எண்களைத் துப்பும்.
எண்கள் நன்றாகவே இருக்கின்றன,
பத்து வருடமாக.

அந்த முப்பது நிமிடம்தான் எங்கள் பதினொரு மணித் தேநீர்.
டோம்கெ முதலில் கற்கண்டைப் போடுவாள்.
சூடு பட்டதும்
சுள்ளி முறிவது போல ஒரு சத்தம்.
ஓரமாக இறக்கிய பாலாடை
அடிவரை போய் மேகமாக எழுந்து வரும்.
கலக்கக் கூடாது, இங்கே அது சட்டம்.
மூன்று கோப்பை, அதுவும் சட்டம்.
போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்த வேண்டும்;
வாயால் சொன்னால் எடுபடாது.

விற்பனைப் பிரிவு ஐல்ட்ஸ்
புதுப் பெட்டியின் மாதிரியோடு வந்தார்.
பச்சை இலை, தங்க எழுத்து, இளமை.
"உங்கள் எண்களை இதில் போடலாம்தானே?"
குழியில் நடப்பது குடலில் நடக்காது என்றேன்.
குடித்ததில் சொற்பம்தான் இரத்தம் ஏறும்.
ஏறியதையும் கல்லீரல்
சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி
வெளியூர் அனுப்பிவிடும்.
மிச்சம் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குப் பந்தி.
அவை அதை என்னென்னவோ ஆக்குகின்றன;
இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம்.
"இருக்கலாம்" என்ற சொல்லைப் பெட்டியில்
எந்த எழுத்தில் போடுவார்கள்?
ஐல்ட்ஸ் பெட்டியை மேசையில் விட்டுவிட்டு
தொலைபேசி எடுக்கப் போனார்.

என் கணக்கு வேறு.
செவ்வாய்க்கிழமை வந்த அறிக்கையில்
ஃபெரிட்டின் ஏழு.
படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி சீப்போடு வருகிறது.
மருத்துவர் கேட்டார்: சாப்பாட்டோடு தேநீர் குடிப்பீர்களா?
என்ன வேலை செய்கிறேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.

பாதியாக உடைத்த இரும்பு மாத்திரை
விரல் நழுவி விழுந்தது,
பாலாடை படாத என் மூன்றாம் கோப்பையில்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அடியிலிருந்து கருநீலமாக
ஒரு மேகம் கிளம்பியது.
டோம்கெ ஊற்றுவதை நிறுத்திப் பார்த்தாள்.
மை.
கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கரைத்து
ஏட்டுக்கு மை காய்ச்சியவர்கள்
இதைப் பார்த்துத்தான் அடுப்பை அணைத்திருப்பார்கள்.
ஊதாவுக்கு ஹைட்ரஜன் நீட்டிய அதே கை
இரும்பைக் கண்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.
பத்து வருடம் ஒரு கையையே அளந்திருக்கிறேன்.

கரண்டி நுனியை அதில் தோய்த்து
பெட்டியின் உள்பக்கத்தில்
எனக்குத் தெரிந்த நல்ல ஜெர்மனில் எழுதினேன்:
சாப்பாட்டுக்கும் இதற்கும்
ஒரு மணி நேரம் இடைவெளி விடவும்.
முதலில் சாம்பலாகத்தான் தெரிந்தது.
காற்றுப் படப்பட எழுத்து கறுத்தது.

கரண்டியைக் கோப்பைக்குள் போட்டேன்.
டோம்கெ கெண்டியைக் கீழே வைத்தாள்.
"மூன்று முடிந்துவிட்டதா?" என்று கேட்டாள்,
நான் பதில் சொல்வதற்குள்
மணி அடித்தது.

போய் மூடியைத் திறந்தேன்.
எல்லாம் மஞ்சள்.
ஒன்றும் சேர்க்காத கடைசி வரிசையில்
எட்டுக் குழி மட்டும்
இன்னும் கைகாட்டிக்கொண்டு நின்றன.